புது ஃப்ளாட்டின் சாவியை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். தாம்பரத்துக்கு மேற்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், கட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெட்ரூம் வீடு ஒன்றை புக் செய்திருக்கிறீர்கள். "வேலை முடிந்துவிட்டது, கடைசித் தவணையைக் கட்டிவிட்டு இந்த மாதமே சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பில்டர் அலுவலகத்திலிருந்து தொடர்ந்து போன் வருகிறது. ஆவணியில் கிரகப்பிரவேசத்துக்கு நாளும் பார்த்தாகிவிட்டது. சாவி வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும், இன்ஜினியர் யாரையாவது கூட்டிப் போக வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

நான் சிவில் இன்ஜினியர். சைட்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது வாங்குபவர்கள் சார்பில் புது வீடுகளைச் சோதித்துக் குறைகளை எழுதித் தருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கிரகப்பிரவேசத் தேதியை பில்டரிடம் சொல்லாதீர்கள். உங்களுக்கு அவசரம் என்று தெரிந்துவிட்டால், "பூஜை முடியட்டும் சார், மிச்ச வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராத வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். வேலை முடியாவிட்டாலும் குறித்த நாளில் பால் காய்ச்ச வேண்டுமென்றால், அன்று ஒரு நாள் பூஜைக்காக மட்டும் வீட்டைத் திறந்து தருமாறு மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வீட்டை ஒப்படைத்ததாக எந்தப் படிவத்திலும் அன்று கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் பிடி இரண்டே இரண்டுதான். ஒன்று கடைசித் தவணை, இன்னொன்று ஒப்படைப்புக் கடிதத்தில் நீங்கள் போடப்போகும் கையெழுத்து. கடைசித் தவணையை வங்கி நேரடியாக பில்டருக்கு அனுப்புவதாக இருந்தால், குறைகள் சரியாகும் வரை நிறுத்தி வைக்கும்படி வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதே சமயம் உங்கள் ஒப்பந்தத்தில் தவணை தாமதமானால் வட்டி என்று இருக்கும், அதையும் படித்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்லாமல் பணத்தை நிறுத்தக் கூடாது. குறைப் பட்டியலை அனுப்பிவிட்டு, அதைக் குறிப்பிட்டு நிறுத்த வேண்டும். ஒப்படைப்புக் கடிதத்தில் பெரும்பாலும் "வீட்டைப் பார்வையிட்டேன், முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிட்டு, "இணைப்பில் உள்ள குறைகளுக்கு உட்பட்டு" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடிக்கக் கூடாது என்றால், கையெழுத்துப் போடாமல் திரும்பி வாருங்கள்.

சரி, வீட்டுக்குள் போவதற்கு முன் காகிதம். அதில் தலையானது நிறைவுச் சான்றிதழ், எல்லோரும் சி.சி. என்று சொல்வது. உங்கள் பகுதி சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லைக்குள் வருவதால் அவர்கள்தான் தர வேண்டும். அனுமதி வாங்கிய வரைபடத்தின்படிதான் கட்டியிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்த பிறகு தரும் சான்று அது. சின்னக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் அளவுள்ள அடுக்குமாடிக்கு அது இல்லாமல் வேலை முடிந்தது என்றே சொல்ல முடியாது. "அப்ளை பண்ணியிருக்கிறோம், வந்துவிடும்" என்று சொன்னால், எப்போது விண்ணப்பித்தார்கள், என்ன கேள்வி கேட்டுத் திருப்பினார்கள் என்று கேளுங்கள். மாதக்கணக்கில் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் வரைபடத்தை மீறிய கட்டுமானம்தான். பக்கத்தில் விட வேண்டிய இடத்தைச் சுருக்கியிருப்பார்கள், பார்க்கிங்கில் ஓர் அறையை எழுப்பியிருப்பார்கள், மொட்டை மாடியில் கூடுதலாக ஒரு வீடு முளைத்திருக்கும். அனுமதி வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, மாடிகளை எண்ணுங்கள், சுற்றுச்சுவருக்கும் கட்டடத்துக்கும் இடையே டேப் பிடியுங்கள். இதற்கு இன்ஜினியர் தேவையில்லை.

அந்த வரைபடம் தமிழ்நாடு ரெராவின், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின், இணையதளத்தில் உங்கள் திட்டத்தின் பதிவு எண்ணுக்குக் கீழே இருக்கும். முடித்துத் தருவதாகச் சொன்ன தேதி, ஆர்க்கிடெக்ட் யார், கட்டட வலிமைக்குப் பொறுப்பேற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் யார் என்பதையும் அங்கே கொடுத்திருக்க வேண்டும். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் உரிமைகளில் இந்தக் கட்டத்தில் இரண்டு முக்கியம். சொன்ன தேதிக்குத் தராவிட்டால், நீங்கள் திட்டத்திலேயே தொடர்ந்தாலும் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ வசதிகளிலோ குறை இருந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் நீங்கள் சுட்டிக்காட்டியதை 30 நாளுக்குள் செலவு கேட்காமல் சரிசெய்து தர வேண்டும். "எங்கள் வாரண்டி ஒரு வருடம்தான்" என்று அலுவலகத்தில் சொல்வதை நம்பிவிடாதீர்கள்.

ஒரு இடைக்குறிப்பு. மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது 8 வீட்டுக்கு மேற்படாத திட்டங்களுக்கு ரெரா பதிவு தேவையில்லை. தெருவுக்குள் பழைய வீட்டை இடித்து ஆறு ஃப்ளாட் கட்டி விற்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் வருவார்கள். அங்கே வாங்குபவர்கள் அதே 5 ஆண்டுப் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தகராறு வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

பத்திரத்தைப் பொறுத்தவரை, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா எல்லாம் வாங்கும்போதே வக்கீல் பார்த்திருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். வங்கி கடன் கொடுத்துவிட்டது, அதனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். வங்கி பார்ப்பது தன் கடன் திரும்பி வருமா என்பதை. நீங்கள் இப்போது பார்க்க வேண்டியது யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்களுக்குரிய பிரிபடாத பங்கு. கணக்கு எளிது. மனை 10,000 சதுர அடி, எல்லா வீடுகளும் சேர்ந்து 20,000 சதுர அடி, உங்கள் வீடு 1,000 சதுர அடி என்றால் உங்கள் பங்கு 500 சதுர அடி. இதில் சாலை விரிவாக்கத்துக்கோ பூங்காவுக்கோ தானமாக எழுதிக் கொடுத்த நிலம் இருந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும். கழிக்காமல் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்த திட்டங்களும் உண்டு. மொத்தப் பங்குகளையும் கூட்டிப் பார்த்தால் இல்லாத நிலத்தை விற்றிருப்பார்கள். முப்பது நாற்பது வருடம் கழித்து இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது வீட்டின் மதிப்பே இந்த எண்தான்.

பதிவுச் செலவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பழைய கணக்கையே பலர் இன்னும் சொல்கிறார்கள். முன்பு நிலத்துக்கு ஒரு பத்திரம், கட்டுவதற்கு ஓர் ஒப்பந்தம் என்று தனித்தனியாகப் பதிவோம். 2023 டிசம்பரிலிருந்து புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்புக்கே பத்திரம். அந்த மாற்றத்தின்படி 50 லட்சம் வரை முத்திரைத்தாள் 4 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5-ம் 2-ம், அதற்கு மேல் 7-ம் 2-ம் என்று வைத்தார்கள். பதிவுக்குப் போகும் வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் பில்டருக்குத் தரும் பணத்திலிருந்து 1 சதவீதத்தை டி.டி.எஸ். வரியாகப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு, பில்டருடையது இல்லை. கட்டும்போதே வாங்கியதால் உங்களுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, குறைந்த விலை வீட்டு வரையறைக்குள் வந்தால் 1 சதவீதம். சி.சி. வந்த பிறகு புதிதாக வாங்குபவருக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

இனி வீட்டுக்குள் போகலாம். பகல் வெளிச்சத்தில் போங்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள். விற்பனைப் பிரிவு ஆள் கூடவே வந்து கிச்சன் கிரானைட்டைத் தடவிக் காட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, சைட் இன்ஜினியரையோ சூப்பர்வைசரையோ வரச் சொல்லுங்கள். டேப், ரசமட்டம், டெஸ்டர், ஒரு போன் சார்ஜர், வாளி, பென்சில், மாஸ்கிங் டேப் போதும். குறை தெரிந்த இடத்தில் டேப் ஒட்டி எண் போட்டு, அந்த எண் தெரிகிறமாதிரி போட்டோ எடுங்கள்.

புது வீட்டில் பிற்பாடு வரும் தொல்லைகளில் பெரும்பங்கு தண்ணீரால் வருவது. அதனால் முதலில் பாத்ரூமுக்குப் போங்கள். ஒரு வாளி தண்ணீரைக் கதவுப் பக்கத்திலிருந்து ஊற்றிவிட்டு நில்லுங்கள். தண்ணீர் தானாகத் துளைப் பக்கம் ஓட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மூலையிலோ கம்மோடைச் சுற்றியோ தேங்கி நின்றால் வாட்டம் சரியில்லை என்று அர்த்தம். டைல்ஸைப் பெயர்த்துத்தான் சரிசெய்ய வேண்டும், அதனால் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். தினம் குளித்துவிட்டு வைப்பர் போட்டுத் தள்ளப்போவது உங்கள் வீட்டு ஆட்கள்.

அடுத்தது தேக்கிப் பார்ப்பது. தரைத் துளையைப் பாலிதீன் பை சுற்றிய துணியால் இறுக்கி அடைத்து, வாசல்படிக்குக் கீழே நிற்கும் அளவுக்கு இரண்டு அங்குலம் போலத் தண்ணீர் விட்டு, சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. மறுநாள் கோட்டைப் பாருங்கள். அப்புறம் கீழ் வீட்டுக்குப் போய் அந்த பாத்ரூமின் மேல்தளத்தை, முக்கியமாகக் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். நான் சோதித்த ஒரு வீட்டில் மேலே நீர்மட்டம் நூல் பிசகாமல் அப்படியே இருந்தது. சூப்பர்வைசருக்கு ஒரே சந்தோஷம். கீழே போய்ப் பலகையைக் கழற்றினால், நாலு அங்குலக் குழாயைச் சுற்றிக் காங்கிரீட் கருத்து, குழாயின் அடிப்பக்கத்தில் சொட்டு உருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் போட்ட பிறகு சுற்றியிருந்த ஓட்டையைக் கலவையால் வெறுமனே பூசி அடைத்திருந்தார்கள். கசிவு அவ்வளவு மெதுவாக இருந்ததால் மேலே கோடு காட்டிக்கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்துக் கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்திருப்பார், அன்றைக்கு அது வீட்டுக்காரர் பாடாக ஆகியிருக்கும்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. பாத்ரூம் தளத்தைத் தாழ்வாக இறக்கிப் போட்டு, மேலே செங்கல் ஜல்லி நிரப்பி, அதன்மேல் டைல்ஸ் ஒட்டும் முறை இங்கே அதிகம். டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் அந்த நிரப்பலுக்குள் மெல்ல ஊறித் தங்கி, பல மாதம் கழித்து வெளிச்சுவரிலோ பக்கத்து அறைச் சுவரின் அடியிலோ உப்பாகப் பூக்கும். ஒரு நாள் சோதனையில் இது தெரியாது. ஆகவே, நிரப்புவதற்கு முன் வாட்டர்ப்ரூஃபிங் செய்து தண்ணீர் தேக்கிச் சோதித்த போட்டோக்களைக் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர்களிடம் வீட்டு எண் போட்டு வைத்திருப்பார்கள். ஒன்றுமே இல்லை என்றால் அதையும் குறைப் பட்டியலில் எழுதுங்கள், பின்னால் உப்புப் பூக்கும்போது உதவும்.

பால்கனிக்கும் இதே வாளிதான். ஹாலின் தரையைவிட பால்கனி தாழ்ந்திருக்கிறதா, தண்ணீர் போகும் துளை பெயின்ட் துணியாலும் சிமென்ட்டாலும் அடைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். யூ.பி.வி.சி. ஜன்னலின் அடித்தண்டவாளத்தில் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கத் துளை வழியாக வழிய வேண்டும், உள்ளே ததும்பக் கூடாது. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை காற்றோடு சேர்ந்து அடிக்கும். கிழக்கையும் வடக்கையும் பார்த்த சுவர்களும் ஜன்னல்களும்தான் அடி வாங்கும். சுவருக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே சீலன்ட் இடைவெளி விடாமல் போட்டிருக்கிறதா என்று அந்த இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள்.

மேல்மாடி வீடு என்றால் மொட்டை மாடிக்கும் போயாக வேண்டும். தளத்தில் பதித்த தட்டோடுகளை எங்கேயாவது தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைத்துப் பூசியிருக்கிறார்களா, மழைநீர்க் குழாயின் வாய் தளத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா, இவ்வளவு பார்த்தால் போதும்.

விரிசல் பற்றித்தான் எல்லோரும் பயந்து கேட்பார்கள். எல்லா விரிசலும் ஒன்றல்ல. பூச்சின்மேல் சிலந்தி வலைபோல் தலைமுடி கனத்தில் ஓடுவது, பூசிய பின் சரியாக நனைக்காததால் வருவது. பார்க்க அசிங்கம், ஆபத்து இல்லை. சுவர் பீமோடோ தூணோடோ சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடினால், அந்த இணைப்பில் கோழி வலை வைத்துப் பூசவில்லை என்று பொருள். வெட்டி வலை வைத்துத் திரும்பப் பூசச் சொல்லுங்கள், பட்டி அடித்து மூடினால் அடுத்த கோடையில் திரும்ப வரும். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவதைக் கவனிக்க வேண்டும். அது சுவரின் மறுபக்கத்திலும் அதே இடத்தில் தெரிந்தால், ஒரு நாணயம் நுழையும் அகலம் இருந்தால், பக்கத்துக் கதவும் இறுகி மாட்டினால், அஸ்திவாரம் இறங்குகிறதா என்ற சந்தேகம் வரும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து எழுத்தில் சொல்லும் வரை வீட்டை ஏற்காதீர்கள். தூணிலோ பீமிலோ கம்பி ஓடும் திசையிலேயே விரிசல் இருந்து துருக்கறை தெரிந்தாலும் அப்படியே.

ஆனால் கட்டடத்தின் உண்மை முகம் உங்கள் ஹாலில் தெரியாது. அங்கே பட்டியும் பெயின்ட்டும் எல்லாவற்றையும் மூடியிருக்கும். கீழே பார்க்கிங் தளம், பம்ப் ரூம், படிக்கட்டின் அடிப்பக்கம், லிஃப்ட் மெஷின் இருக்கும் இடம் என்று யாரும் அழகு பார்க்காத பகுதிகளுக்குப் போங்கள். அங்கே காங்கிரீட்டில் ஜல்லி துருத்திக்கொண்டு ஓட்டை ஓட்டையாக இருந்தாலோ, கம்பி வெளியே தெரிந்தாலோ, மேலேயும் அதே ஆட்கள்தான் வேலை செய்திருக்கிறார்கள். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில், கட்டி முடியும் நிலையில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்க வேண்டி வந்தது. சி.எம்.டி.ஏ. அனுமதி பெற்ற திட்டம்தான் அது. அதற்குப் பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. இருந்தாலும் மண் பரிசோதனை அறிக்கையையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் சான்றையும் கேட்டு ஒரு நகல் வாங்கி வைப்பது வாங்குபவரின் உரிமை. கேட்க வெட்கப்படாதீர்கள்.

வீட்டுக்குள் மிச்சத்தை வேகமாக முடித்துவிடலாம். டைல்ஸை ஒரு சாவியால் தட்டிக்கொண்டே போனால் பொள்ளலான இடம் சத்தத்திலேயே தெரியும். ஒன்றிரண்டு மூலைகள் என்றால் விட்டுவிடுங்கள், ஒரு டைல் முழுக்கப் பொக்கு என்றால் மாற்றச் சொல்லுங்கள். போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மேடுபள்ளமும் ஒட்டுப் போட்ட இடமும் தெரியும். ஒரே ஒரு மூலையில் மட்டும் பெயின்ட் புத்தம் புதிதாக இருந்தால், அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள், பெரும்பாலும் ஓதம்தான். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து வேகம் குறைகிறதா என்று பாருங்கள். கம்மோடில் உட்கார்ந்து ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் சார்ஜரைச் செருகிச் சோதியுங்கள். மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே ட்ரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள், உயிர் விஷயம் அது. எர்த் வந்திருக்கிறதா என்று பார்க்க மூன்று விளக்கு உள்ள சின்ன டெஸ்டர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். கீசர், ஏ.சி. ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி., அதாவது லோடு கூடினால் தானாக அணையும் சுவிட்ச், இருக்க வேண்டும்.

அறைகளை டேப் பிடித்து அளந்து, ஒப்பந்தத்தில் உள்ள கார்பெட் ஏரியாவோடு ஒப்பிடுங்கள். ரெரா சட்டத்தின்படி அது வீட்டுக்குள் புழங்கும் இடம், உள்சுவர்கள் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. விற்கும்போது சொன்ன, படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடத்தின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் கணக்கை வைத்து அளந்தால் ஏமாற்றம்தான் வரும். கார் பார்க்கிங்கில் உங்கள் காரையே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள். தூண் இடிக்கிற பார்க்கிங்கைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. திறந்தவெளிப் பார்க்கிங் எல்லோருக்கும் பொதுவான இடம், அதைத் தனியாக விலை பேசி விற்கக் கூடாது.

பொது வசதிகளில் லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறையின் உரிமம் வாங்கியாகிவிட்டதா, ஜெனரேட்டர் உண்மையில் ஓடுகிறதா, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறதா என்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. அதையும் தாண்டினால் கீசரும் குழாயும் சீக்கிரம் போகும், லாரித் தண்ணீர்ச் செலவு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தில் வந்து நிற்கும்.

உங்கள் பகுதி என்பதால் வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. பில்டரைக் கேட்காதீர்கள், தெருமுனை டீக்கடையிலும் பக்கத்துப் பழைய வீட்டிலும் கேளுங்கள். எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். அந்த உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு, பார்க்கிங் தளத்தில் மின் பேனல் எந்த உயரத்தில் இருக்கிறது, கீழ்த்தொட்டியின் மூடி தரையோடு தரையாக இருக்கிறதா, லிஃப்ட் குழிக்குத் தண்ணீர் வந்தால் என்ன ஏற்பாடு என்று பாருங்கள். பேனலை உயர்த்துவது இப்போது இரண்டு நாள் வேலை, குடிவந்த பிறகு சங்கக் கூட்டத்தில் பேசி முடிக்க இரண்டு வருடம் ஆகும். இதை எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து கேட்டால்தான் நடக்கும். ஆகவே இப்போதே மற்றவர்களோடு பேச ஆரம்பியுங்கள். பின்னால் வரும் பெரிய செலவுகளுக்காக எல்லோரிடமும் வாங்கி வைக்கும் கார்பஸ் நிதியும் பராமரிப்பு முன்பணமும் எந்தக் கணக்கில் இருக்கிறது, சங்கம் பதிவானதும் எப்போது கைமாறும் என்பதையும் சேர்ந்தே எழுத்தில் கேளுங்கள்.

இன்ஜினியர் வேண்டுமா என்று கேட்டீர்கள். நான் மேலே சொன்னதில் முக்கால்வாசியை நீங்களே பார்த்துவிடலாம். சாய்வான விரிசல், பீம், தூணில் சந்தேகம், ஓதம் இந்த மூன்றில் ஏதாவது இருந்தால் மட்டும் தயங்காமல் கூட்டிப் போங்கள். பில்டர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம்.

பட்டியலை அறைவாரியாக எழுதி, போட்டோக்களோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசினாலும் அதன் சுருக்கத்தை அன்றே மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள். சரிசெய்ததாகச் சொன்ன பிறகு மறுபடி ஒருமுறை நேரில் போய், பாத்ரூமில் கை வைத்திருந்தால் மறுபடி தண்ணீர் தேக்கிப் பார்த்துவிட்டே பணத்தை விடுவியுங்கள். சாவியோடு சேர்த்து சி.சி. நகல், அனுமதி வரைபடம், சுவருக்குள் ஓடும் குழாய், ஒயர் வரைபடம், லிஃப்ட், பம்ப், ஜன்னல் வாரண்டி அட்டைகள் வாங்கிக்கொள்ளுங்கள். மின் இணைப்பையும் சொத்து வரியையும் உங்கள் பெயருக்கு மாற்ற உடனே எழுதிக் கொடுங்கள்.

ஒப்படைப்புக் கடிதத்தில் தேதி கட்டாயம் இருக்க வேண்டும், 5 ஆண்டு அன்றிலிருந்துதான் ஓடும். ஆவணியில் குடிபோனால் இரண்டே மாதத்தில் ஐப்பசி மழை வந்துவிடும். வார்ட்ரோப் அடிப்பதாக இருந்தால் கிழக்கு, வடக்கு வெளிச்சுவர்களை அந்த ஒரு மழைக்காலம் மட்டும் காலியாக விட்டு வையுங்கள். மழை விட்ட மறுநாள் காலையில் அந்தச் சுவர்களின் அடியிலும் ஜன்னல்களின் கீழும் கை வைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் தேதியோடு போட்டோ எடுத்து, ரெரா சட்டத்தின் 14(3) பிரிவைக் குறிப்பிட்டு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் ஆள் வரவில்லை என்றால் அதே மின்னஞ்சலையும் போட்டோக்களையும் வைத்துத் தமிழ்நாடு ரெராவில் இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம்.